ஓவல் மைதானம் அருகே ஒரு ஃபிளாட்: விலை பேசும் முன் திறந்து பார்த்தவை

மும்பையில் ஓவல் மைதானத்தின் மேற்கு ஓரத்துக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவிலுள்ள தெரு ஒன்றில், 1930களில் எழுந்த ஐந்து மாடிக் கட்டடம் அது. மூன்றாம் மாடியில் ஏறத்தாழ 1,500 சதுர அடி கார்ப்பெட் பரப்புள்ள (சுவர்களுக்கு உள்ளே புழங்கும் பரப்பு) ஃபிளாட் விற்பனைக்கு வந்தது. உரிமையாளர் உள்ளே எல்லாவற்றையும் அண்மையில்தான் புதுப்பித்திருந்தார்: தரை முழுக்க இத்தாலிய மார்பிள், ஜெர்மன் சமையலறை, மறைவிளக்குகளோடு ஃபால்ஸ் சீலிங், சத்தம் புகாத அலுமினிய ஜன்னல்கள், கைப்பேசியில் இயங்கும் திரைச்சீலைகள். அவர் கேட்ட விலை, அதே தெருவில் புதுப்பிக்காத ஃபிளாட்டுகள் விற்ற விலையைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல்.

வாங்க வந்தவர்கள் மாட்டுங்காவில் வளர்ந்த தமிழ்த் தம்பதி. கணவரின் அப்பா கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் ஸ்டெனோகிராபராக இருந்தவர். மாட்டுங்கா ரோடில் ரயிலேறி சர்ச்கேட்டில் இறங்கி, ஓவல் மைதானத்தைக் குறுக்கே கடந்து வேலைக்குப் போய், பணி ஓய்வு பெறும்வரை அந்த வளைந்த பால்கனிகளை அண்ணாந்து பார்த்தவர். மகனுக்கு அந்த ஏக்கம் அப்படியே வந்திருந்தது. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் சிவில் பொறியாளன் என்பதாலும் நெடுநாள் குடும்பப் பழக்கம் என்பதாலும் என்னைக் கூப்பிட்டார்கள். "அண்ணா, பார்த்த அன்றே பிடித்துவிட்டது. அதனால்தான் பயமாக இருக்கிறது. நீங்கள் வந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்றார் அந்தப் பெண். கட்டடமும் ஆட்களும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டு, மற்றதை இங்கே எழுதுகிறேன். இதே தெருக்களில் வீடு தேடும் நம்மவர்கள் இப்போது அதிகம். தரகர் கையிலிருக்கும் பட்டியலில் எதுவெல்லாம் வராது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் இடத்தைப் பற்றி. மைதானத்தின் கிழக்கே உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், ராஜாபாய் கோபுரம் என 19ஆம் நூற்றாண்டின் கோதிக் வரிசை; மேற்கே ஆர்ட் டெகோ என்ற 1930களின் நவீன பாணிக் குடியிருப்புகள். இரண்டையும் சேர்த்து, மரைன் டிரைவின் கடல்முக வரிசையோடு, 2018 ஜூன் 30 அன்று யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 66 ஹெக்டேர் பரப்பில் 94 கட்டடங்கள். மேற்குப் பக்கம் முழுவதும் கடலைத் தூர்த்து எடுத்த நிலம். 1920களில் பேக்பே நிலமீட்புத் திட்டம் ஊழல் புகாரில் சிக்கி, கே. எஃப். நரிமன் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். அவர் பெயரில்தான் இன்றைய நரிமன் பாயின்ட் இருக்கிறது. அப்படி மீட்ட நிலத்தில், அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த கான்கிரீட்டை நம்பி எழுந்தவை இந்த வீடுகள். ஜன்னலுக்கு மேல் புருவம்போல ஓடும் சன்ஷேட், மாடிப்படிக்கு நெடுக வெளிச்சம் தரும் கண்ணாடிப் பட்டை, கப்பலை நினைவூட்டும் வட்டச் சாளரம், கதிர் விரியும் சூரியன் பொறித்த இரும்பு கிரில். பம்பாயில் இந்தியர்கள் தங்களுக்காகத் தாங்களே தேர்ந்துகொண்ட முதல் நவீன பாணி இது என்பது என் கணிப்பு. இதை நேசிக்காமல் இங்கே வேலை செய்ய முடியாது.

அந்த நேசம் இருந்ததால் ஃபிளாட்டுக்குள் நுழைந்ததும் எனக்கு மனம் கனத்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அது எந்த ஊரின் எந்தப் புதுக் கோபுரத்திலும் இருக்கக்கூடிய அழகு. 1930களுக்கு உரியதாக உள்ளே மிச்சமிருந்தவை கதவுகள் மட்டுமே. அந்தப் பர்மா தேக்குக் கதவுகளின் அடிப்பகுதியையும் ரம்பத்தால் அறுத்திருந்தார்கள்.

ஏன் அறுத்தார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் எங்கள் ஆய்வு தொடங்கியது. கதவை அறுக்க வேண்டியிருந்தது என்றால் தரை உயர்ந்திருக்கிறது. மாடிப்படி முகப்பிலிருந்து வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது ஒரு சிறு ஏற்றம் இருந்தது. ஜன்னல் திட்டின் உயரத்தை அளந்து கீழ்வீட்டோடு ஒப்பிட்டோம். இங்கே ஏறத்தாழ மூன்று அங்குலம் குறைவு. பழைய மொசைக் தரையைப் பெயர்க்காமல், அதன்மேலேயே சிமென்ட் கலவை கொட்டி மார்பிள் பதித்திருக்கிறார்கள். பெயர்த்தால் சத்தம், தூசி, குப்பை லாரிக் கூலி, சொசைட்டியோடு (குடியிருப்போரின் கூட்டுறவுச் சங்கம்) வாக்குவாதம். மூடிவிட்டால் சில நாளில் வேலை முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். 50 மில்லிமீட்டர் கலவை, சதுர மீட்டருக்குச் சுமார் 105 கிலோ. 20 மில்லிமீட்டர் மார்பிள், சுமார் 54 கிலோ. ஆக, சதுர மீட்டருக்கு 160 கிலோவை ஒட்டிய நிரந்தரச் சுமை. குடியிருப்புத் தளத்தில் ஆட்கள், மேசை நாற்காலி, அலமாரி எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்றைய இந்தியத் தரவிதி ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோதான். மனிதர்கள் வாழ்வதற்கென ஒதுக்கிய தாங்குதிறனில் ஐந்தில் நான்கு பங்கைத் தரையே தின்றுவிட்டது. 1,500 சதுர அடிக்கு மொத்தம் 22 டன். தொண்ணூறு ஆண்டு வயதான தளத்தின் மீது, ஒரு பொறியாளரின் கையெழுத்துகூட இல்லாமல்.

கட்டடம் நாளையே விழும் என்று இதற்குப் பொருள் இல்லை. அன்றைய பொறியாளர்கள் தாராளமாகவே கணக்கிட்டார்கள். உத்தரங்களும் தூண்களும் பருமனானவை. ஆனால் அந்தத் தாராளம் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைக் கம்பியைப் பார்க்காமல் சொல்ல முடியாது. இந்த வீட்டுக்குள்ளிருந்து பார்க்கக்கூடிய கம்பியோ ஃபால்ஸ் சீலிங்கின் மேலே இருந்தது.

அக்காலக் கம்பி இன்றைய முறுக்குக் கம்பி அல்ல, வழவழப்பான மென்எஃகு. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை 12 பிஎச்சுக்கு மேல் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் நிற்கும். காற்றிலுள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் மெல்ல ஊடுருவி, அந்தக் காரத்தன்மையை 9 வரை இறக்கிவிடும். படலம் போய்விடும். கடற்காற்றின் உப்பும் மழைக்காலத்து ஈரமும் சேரும்போது துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மும்பையின் பழைய வீடுகளில் கூரையிலிருந்து சில்லு சில்லாகக் காரை பெயர்ந்து விழுவதன் காரணம் இதுதான். பெயர்ந்து விழுவதை ஒருவகையில் நல்லது என்பேன். கண்ணில் படுகிறது, யாராவது ஆளைக் கூப்பிடுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டில் அது மேலேயே நடந்துகொண்டிருக்கும்.

ஏசி இயந்திரத்துக்காக விட்டிருந்த சிறு திறப்பின் வழியே டார்ச் அடித்துப் பார்த்தோம். பால்கனி ஓரத்து உத்தரத்தின் அடியில் நெடுக ஒரு பழுப்புக் கோடு. அதன்மேல் புட்டி பூசி வெள்ளையடித்திருந்தார்கள். வெள்ளையைத் தாண்டியும் கோடு வந்திருந்தது. சுத்தியலால் மெல்லத் தட்டினால் பொள்ளலாக ஒலித்தது. இதைக் காட்டிய பிறகுதான் சில இடங்களில் சீலிங்கைத் திறக்க விற்பவர் ஒத்துக்கொண்டார், அதுவும் திரும்ப மூடும் செலவை எங்கள் தரப்பு ஏற்ற பிறகு. புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் பினால்ப்தலீன் கரைசலைத் தெளித்தோம். காரத்தன்மை இருக்கும் இடம் உடனே ரோஜா நிறமாக மாறும். உத்தரங்களில் கம்பியைத் தாண்டும்வரை நிறமே வரவில்லை. குளியலறைப் பக்கத்து உத்தரத்தில் கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இளைத்திருந்தது. தூண்கள் மட்டும் நன்றாக இருந்தன. அதுவே எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

குளியலறை ஒரு தனிக் கதை. பெரிய குளியலறை வேண்டுமென்று பக்கத்துப் படுக்கையறையிலிருந்து இடம் எடுத்து நீட்டியிருந்தார்கள். அதாவது, கீழ்வீட்டுக்காரரின் படுக்கையறைக்கு நேர்மேலே இப்போது தண்ணீர் ஓடுகிறது. இதை வரைபடத்தில் பார்த்ததும் அந்தப் பெண் தானாகவே கீழே இறங்கிப்போய் மணியடித்தார். கதவைத் திறந்தவர் அந்தக் கட்டடத்திலேயே பிறந்து வளர்ந்த பார்சிப் பெரியம்மா. உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, கட்டிலுக்கு மேலே கூரையில் பரவியிருந்த ஈரத்திட்டைக் காட்டினார். சொசைட்டிக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை ஒரு கோப்பில் வரிசையாக வைத்திருந்தார். விலை பேசும் முன் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்தத் தணிக்கை அறிக்கையும் தராத தகவல் அங்கே கிடைக்கும். வாங்கினால் யாரோடு வாழப்போகிறோம் என்பதும் தெரியும்.

அடுத்து, தாள்கள். பழைய பம்பாயில் 'விற்பனைக்கு' என்ற சொல்லுக்குள் வேறு வேறு உரிமைகள் ஒளிந்திருக்கும். தென்மும்பையின் எத்தனையோ அழகான வீடுகள் பகடி முறையில் இருப்பவை. அங்கே கைமாறுவது வாடகை உரிமைதான். நிலமும் கட்டடமும் வீட்டுக்காரரிடமே இருக்கும், கைமாறும் தொகையில் அவருக்கும் பங்கு போகும். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வாடகையை 1940 செப்டம்பர் நிலவரத்தில் நிறுத்திவைத்தது. 1999ஆம் ஆண்டின் சட்டம் பகடித் தொகையைச் சட்டப்படி வாங்க வழிவிட்டது. வாடகை சில நூறு ரூபாயாக நின்றுவிட்ட கட்டடத்தை எந்த உரிமையாளரும் மனமுவந்து பழுதுபார்ப்பதில்லை. இதற்குச் சாட்சியாக, மைதானத்துக்கு அருகே காலா கோடாப் பகுதியில் எஸ்பிளனேட் மேன்ஷன் நிற்கிறது. 1860களில் இங்கிலாந்திலிருந்து வார்ப்பிரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வாட்சன் ஹோட்டல். 1896இல் லூமியேர் சகோதரர்களின் படங்களை இந்தியாவில் முதன்முதலாகத் திரையிட்ட இடம். 2005இல் அதன் பால்கனிகள் சரிந்து உயிர் போனது. 2019இல் எல்லோரையும் வெளியேற்றினார்கள்.

நாங்கள் பார்த்த கட்டடத்தில் இந்தச் சிக்கல் இல்லை. குடியிருந்தவர்களே சேர்ந்து கூட்டுறவு சொசைட்டியாகி, உரிமையாளரிடமிருந்து கட்டடத்தை வாங்கியிருந்தார்கள். பங்குச் சான்றிதழ் விற்பவர் பெயரில் ஒழுங்காக இருந்தது. முந்தைய கைமாற்றங்களின் பதிவுப் பத்திரங்களும் தொடர்ச்சியாக இருந்தன. ஆனால் நிலம் மாநில அரசின் குத்தகை. பேக்பே மனைகளில் பல இப்படித்தான். இந்த மனையின் குத்தகை 99 ஆண்டுக்கானது. 1930களில் தொடங்கியது, ஆகவே 2030களில் முடிகிறது. இன்னும் பத்து ஆண்டு முழுதாக இருக்குமா என்றே எண்ண வேண்டிய நிலை. புதுப்பிக்கும்போது அரசு என்ன நிபந்தனை வைக்கும், எவ்வளவு கேட்கும் என்பது இந்த ஃபிளாட்டின் விலையை மார்பிளைவிடப் பலமடங்கு பாதிக்கும் விஷயம். தரகர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கேட்டபோது, "இங்கே எல்லாக் கட்டடமும் அப்படித்தான் சார், யாரும் கவலைப்படுவதில்லை" என்றார்.

முப்பது ஆண்டைக் கடந்த கட்டடங்கள் கட்டுமானத் தணிக்கை செய்துகொள்ள வேண்டும் என்று மும்பை மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவு சொல்கிறது. சொசைட்டி செய்திருந்தது, முடிவு சி2பி. அதாவது, ஆட்களை வெளியேற்றாமலே கட்டுமானப் பழுது நீக்க வேண்டிய நிலை. சி1 என்றால் உடனே காலிசெய்து இடிக்க வேண்டும், சி3 என்றால் சில்லறைப் பழுது மட்டும். பழுதுபார்க்கும் திட்டத்தைப் பொதுக்குழு ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு ஃபிளாட்டும் பரப்புக்கு ஏற்பத் தர வேண்டிய தொகையையும் குறித்திருந்தது. அந்தத் தீர்மானத்துக்குச் சில மாதம் கழித்துத்தான் இந்த ஃபிளாட் விற்பனைக்கு வந்தது. சொசைட்டியிடம் தடையில்லாச் சான்று கேட்கும்போது நிலுவை இல்லை என்ற சான்றோடு நிறுத்திக்கொள்ளாமல், பொதுக்குழுக் கூட்டங்களின் பதிவேட்டையும் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவது இதற்காகத்தான். நிலுவை நேற்றைய கடன். தீர்மானம் நாளைய கடன்.

ஜன்னல் விவகாரமும் இருந்தது. 1995இல் வந்த பாரம்பரிய விதிகளின்படி மும்பையின் பட்டியல் கட்டடங்கள் தரம் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதல் தரத்தில் ஏறக்குறைய எதையும் தொட முடியாது. இரண்டாம், மூன்றாம் தரங்களில் உள்ளே மாற்ற இடமுண்டு. இந்தக் கட்டடத்தில் தெருவிலிருந்து தெரியும் முகத்தை மாற்றப் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் இசைவு வேண்டும். இங்கே தேக்குச் சட்ட ஜன்னல்களைக் கழற்றி அலுமினியம் போட்டதற்கு எந்த இசைவும் இல்லை. நோட்டீஸ் வந்தால் அது அப்போது வீட்டில் இருப்பவர் பெயருக்குத்தான் வரும்.

தம்பதியிடம் இன்னொன்றையும் அழுத்திச் சொன்னேன். மும்பையின் மற்ற பகுதிகளில் பழைய ஃபிளாட் வாங்குபவர்கள், ஒருநாள் கட்டடத்தை இடித்துக் கோபுரம் எழுப்புவார்கள், இரண்டு படுக்கையறை மூன்றாகும் என்ற நம்பிக்கைக்கும் சேர்த்தே விலை கொடுக்கிறார்கள். இங்கே அந்தக் கணக்குப் போடாதீர்கள். பாரம்பரியக் குழுவின் இசைவில்லாமல் இடிக்க முடியாது, இடிக்கவும் கூடாது. இந்தக் கட்டடம் இப்படியேதான் இருக்கும். இருக்கும்வரை அதைக் காப்பாற்றுவது உங்கள் செலவு. அதற்கு மனம் ஒப்பினால் மேலே பேசுவோம் என்றேன். அவர்கள் ஓர் இரவு எடுத்துக்கொண்டார்கள். ஒப்பினார்கள்.

பிறகு விலை. மகாராஷ்டிரப் பதிவுத் துறையின் இணையத் தேடலில் பதிவான விற்பனைகளின் இண்டெக்ஸ்-2 என்ற சுருக்கப் பதிவை யாரும் பார்க்கலாம். தரகர் சொல்லும் விலை கேட்கும் விலை. இண்டெக்ஸ்-2இல் இருப்பது கொடுத்த விலை. அதே கட்டடத்திலும் பக்கத்துக் கட்டடங்களிலும் புதுப்பிக்காத ஃபிளாட்டுகள் பதிவான விலையை, பரப்பைக் கார்ப்பெட்டுக்கு மாற்றி அடிப்படையாக எடுத்தோம். அதன்மேல் சமையலறைக்கும் சாதனங்களுக்கும் தேய்மானம் கழித்து ஒரு தொகை சேர்த்தோம். மார்பிளுக்கு எதுவும் சேர்க்கவில்லை. அகற்ற வேண்டிய சுமைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை. பிறகு கழித்தவை: சொசைட்டிப் பழுதுநீக்கத்தில் இந்த ஃபிளாட்டின் பங்கு, வீட்டுக்குள் உத்தரங்களைச் சரிசெய்யும் செலவு, குளியலறையைப் பழைய எல்லைக்குள் கொண்டுபோகும் செலவு, ஜன்னல்கள். குத்தகைக்காகத் தனியே ஒரு தள்ளுபடி கேட்டோம்.

விற்பவர் கோபப்பட்டார். "நான் குடியிருந்த காலத்தில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நீங்கள் குறை தேடி வந்திருக்கிறீர்கள்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். உள்ளலங்காரம் செய்தவர்கள் அவரிடம் உத்தரத்தைக் காட்டியே இருக்க மாட்டார்கள். அவருக்குத் தெரிந்ததெல்லாம் ரசீதுகள். கீழ்வீட்டு அம்மாவின் கோப்பையும் தணிக்கை அறிக்கையையும் முன்னால் வைத்துப் பேசியபோது மெல்ல இறங்கிவந்தார். வேறொருவர் டோக்கன் தொகையோடு காத்திருக்கிறார் என்று தரகர் சொல்லிப் பார்த்தார், தம்பதி அசையவில்லை.

முடிவில், புதுப்பிக்காத ஃபிளாட்டின் விலைக்குச் சற்றுக் குறைவாக உடன்பாடு ஏற்பட்டது. பொதுக்குழு ஏற்கெனவே தீர்மானித்த பழுதுத் தொகை விற்பவர் கணக்கு. விலையில் ஒரு பகுதியை வழக்கறிஞர் பொறுப்பில் நிறுத்திவைத்து, ஜன்னல்களுக்கு இசைவு கிடைத்ததும் விடுவிப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். குத்தகைத் தள்ளுபடி முழுதாகக் கிடைக்கவில்லை, பாதிதான்.

பதிவுச் செலவைப் பற்றிச் சுருக்கமாக. மும்பையில் முத்திரைத் தீர்வை 6 சதவீதம். வாங்குபவர் பெண் மட்டுமே என்றால் 5. பத்துக் கோடி ரூபாய் வீட்டுக்கு 60 லட்சம், 50 லட்சம் என்ற வித்தியாசம் அது. கணவன் மனைவி கூட்டாக வாங்கினால் சலுகை இல்லை. இவர்கள் மனைவி பெயரில் மட்டும் பதிந்தார்கள். பதிவுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய். விலையில் 1 சதவீதத்தை விற்பவரின் வருமான வரியாகப் பிடித்துக் கட்டுவது வாங்குபவர் பொறுப்பு. சொசைட்டியின் கைமாற்றுக் கட்டணம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. 'நன்கொடை' என்று அதற்கு மேல் கேட்டால் மறுக்கலாம்.

குடிபோகும் முன் மார்பிளை எடுத்தார்கள். கலவை பிடிப்பதற்காகப் பழைய தரையை உளியால் கொத்தியிருந்ததால், ஹாலில் அடியிலிருந்த மொசைக் ஓடுகள் பாழாகிக் கிடந்தன. 1920கள் தொட்டு உள்நாட்டிலேயே வார்த்த சுதேசி சிமென்ட் ஓடுகள் அவை. ஒவ்வொன்றும் கையால் நிறம் ஊற்றி அழுத்தியது. அவற்றை ஒருவர் காசு கொடுத்து உடைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. படுக்கையறைகளில் கொத்தாமல் விட்டிருந்ததால், ஓரக்கோலத்தோடு தரை முழுதாகக் கிடைத்தது. ஹாலுக்கு அதே பாணியில் புது ஓடுகள் வார்த்து வாங்கினோம். அந்தத் தொழில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உத்தரங்களில் துருவைத் துடைத்து, இளைத்த இடங்களில் கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த கலவையால் மூடினார்கள். ஃபால்ஸ் சீலிங்கைத் திரும்பப் போடவில்லை. குளியலறை சுருங்கியது, கீழ்வீட்டுக் கூரை ஒரு மழைக்காலம் முழுக்கக் காய்ந்தே இருந்தது. இடித்த கட்டடங்களிலிருந்து வந்த பழைய தேக்கில் ஜன்னல்கள் செய்ய வரைபடம் கொடுத்து இசைவும் வாங்கியாயிற்று, நிறுத்திவைத்த பணம் விற்பவருக்குப் போய்விட்டது.

குத்தகை மட்டும் தீராமல் நிற்கிறது. சொசைட்டி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறது. பக்கத்துக் கட்டடங்களும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொசைட்டியின் சார்பில் அந்தக் கோப்பைக் கையிலெடுத்துக்கொண்டு அலைவது இப்போது அந்தப் பெண்தான்.